அவர்கள் பார்வைக்கு

அந்த அலுவலகத்தில் எது பழுதானாலும் முதலில் கேட்கும் சத்தம் "ராணி" என்பதுதான். பிரிண்டரில் தாள் சிக்கினால் ராணி. இன்டர்நெட் போனால் ராணி. மவுசில் பேட்டரி தீர்ந்தால் ராணி. ஒரு கோடைகாலத்தில் ஏசி ரிமோட் வேலை செய்யவில்லை என்றுகூடக் கூப்பிட்டார்கள். ராணி என்று வாய் நிறையக் கூப்பிட்டு ஒருத்தியை டோனர் மாற்றச் சொல்வதில் உள்ள வேடிக்கை அங்கே யாருக்கும் உறைத்ததில்லை. அவளுடைய முழுப்பெயர் அமல்ராணி. அந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

விழுப்புரத்தில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியும் கீழுமாக இருந்த கட்டடம் அது. ஓர் அறக்கட்டளையின் தலைமை அலுவலகம். அறக்கட்டளைக்கு இரண்டு பள்ளிக்கூடம், ஒரு பாலிடெக்னிக், திண்டிவனத்தில் ஒரு நர்சிங் கல்லூரி. அமல்ராணி அங்கே கணினி இயக்குபவர், தற்காலிகம். தற்காலிகம் என்ற சொல்லை என்னவென்று சொல்ல? அவள் மகள் வெனிலா எல்கேஜியில் அழுதுகொண்டே போன வருடம் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது வெனிலா பிளஸ் டூ முடித்துவிட்டாள். அம்மாவின் வேலை இன்னும் தற்காலிகமாகவே இருந்தது.

வீடு கோலியனூர் பக்கத்துக் காலனியில். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்ந்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அமல்ராணி. கணவன் இருதயராஜ் சென்னையில் சென்ட்ரிங் வேலை, பண்டிகைக்கு வருவான். காலையில் கோயில் மணிக்கு எழுந்து, சோறு வடித்து, கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்தாவது ஆளாக ஒட்டிக்கொண்டு வருவாள். அலுவலகத்துக்குள் நுழையும்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொள்வாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வரும். பிறகு யாராவது "ராணி" என்பார்கள்.

இந்த வருடம் ஒரு நல்லது நடக்கிறாற்போல் இருந்தது. தற்காலிகமாக இருப்பவர்களில் சிலரை நிரந்தரமாக்கலாம் என்று பேச்சு வந்து, அதில் அவள் பெயரும் வந்தது. நிரந்தரம் ஆனால் சம்பளம் ஏறும் என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம். நிரந்தர ஊழியரின் பிள்ளைக்கு நர்சிங் கல்லூரியில் கட்டணமில்லாமல் ஓர் இடம் உண்டு. வெனிலாவுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் இல்லை. வேறு எங்கே சேர்க்கவும் வழியில்லை. கல்லூரியில் சேர்க்கை அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் தலைவர் கையெழுத்து விழ வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

கையெழுத்து விழாததற்குக் காரணம் தலைவர் அல்ல, யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. ஃபைல் சேவ் ஆகவில்லை.

அதைச் சொல்ல வேண்டுமானால் காகிதமில்லா அலுவலகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலைவர் வல்லரசு நல்ல மனிதர். திண்டிவனம் கல்லூரியில்தான் உட்காருவார். சில வருடங்களுக்கு முன்னால் எங்கோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து, இனி நம் அறக்கட்டளையில் காகிதமே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் என்று அறிவித்தார். அறிவிப்புக்கு விழா எடுத்து, பொன்னாடை போர்த்தி, அழைப்பிதழ் ஆயிரம் அச்சடித்தார்கள். விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்தார்கள். அன்றிலிருந்து தலைவர் நேரில் நீட்டும் காகிதத்தைத் தொடுவதில்லை. அவருக்கான போல்டருக்குள் வந்து விழுவதை மட்டும் அவருடைய பி.ஏ. பிரபாவதி பிரிண்ட் எடுத்து வைப்பாள், அவர் பேனாவால் கையெழுத்துப் போடுவார்.

போல்டர்களை உருவாக்கிய நாளில் பொது மேலாளர் பெரியதம்பி, அமல்ராணியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு பெயர்களைச் சொன்னார். காகித ஃபைல் மேசை மேசையாக மேலே போகும் அல்லவா, அதே முறை கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. ஆகவே ஒரு போல்டருக்குள் இன்னொரு போல்டர், அதற்குள் இன்னொன்று. வெளியே 'அலுவலகக் கண்காணிப்பாளர் திருமதி கிருஷ்ணவேணி அவர்கள் பார்வைக்கு'. அதற்குள் 'மதிப்பிற்குரிய பொது மேலாளர் திரு பெரியதம்பி அவர்கள் பார்வைக்கு'. எல்லாவற்றுக்கும் உள்ளே 'மாண்புமிகு நிறுவனத் தலைவர் கல்வி வள்ளல் உயர்திரு வல்லரசு அவர்கள் பார்வைக்கு'. ஓரிடத்தில் 'அவர்கள்' விட்டுப்போனதற்கு அவள் திட்டு வாங்கினாள். பயந்துபோய் உடனே சேர்த்தாள்.

அந்தக் கடைசிப் போல்டரில்தான் நிரந்தர ஆணைக்கான எக்செல் தாள் சேவ் ஆக மறுத்தது. கிருஷ்ணவேணி தன் மேசையிலிருந்து முயன்றார். ஓர் ஆங்கில அறிவிப்பு வந்தது. அவர் ஓகேயை அழுத்தினார். மறுபடி முயன்றார், மறுபடி வந்தது.

"ராகு காலத்துல போட்டா எப்டி ஏறும்? மூணு மணிக்கு மேல போடறேன் ராணி, பாரு" என்றார் கிருஷ்ணவேணி.

அவர் கெட்டவர் இல்லை. அமல்ராணிக்கு நிரந்தரம் கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர். ராகு காலம் முடிந்து, பிள்ளையார் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார். அப்போதும் ஏறவில்லை. மறுநாள் எமகண்டமும் பார்த்தாகிவிட்டது.

அமல்ராணி தனக்குத் தெரிந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வேறு யாராவது அந்தத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்களா என்று மேசை மேசையாகக் கேட்டாள். இல்லை. போல்டருக்குள் எழுதும் அனுமதி இருக்கிறதா, இருந்தது. சர்வரில் இடம் இருக்கிறதா, தாராளமாக இருந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். சர்வரை அணைத்து ஏற்றினாள். அது ஏறுகிற வரை மாடியும் கீழும் வேலை நின்று, எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பஸ் பிடித்துத் திண்டிவனம் போய் பிரபாவதியின் கம்ப்யூட்டரிலிருந்தும் முயன்றாள். அதே அறிவிப்பு.

"இது பெரிய பேஜாரா இருக்குது ராணி. டீ செலவு சீட்டு மட்டும் டக்குனு ஏறுது. உன் ஆர்டருக்குத்தான் ராசி இல்ல" என்றாள் பிரபாவதி.

அதுவரை ஏறிய தாள்களுக்கெல்லாம் 'பில்', 'லீவு' என்று குட்டிப் பெயர்கள்தான்; டீ செலவுத் தாளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வெறும் 'டீ'. அமல்ராணி அந்த ஓரெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி சேவ் கொடுத்து, வந்த அறிவிப்பை மூடாமல், முதன்முறையாக அதைக் கடைசி வரி வரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மேலே எல்லோரும் பார்க்கும் காரணங்கள். கடைசி வரியில், போல்டர் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்து இத்தனை எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. தமிழில் ஒரு புள்ளியைக்கூட மெஷின் தனி எழுத்தாக எண்ணும் என்பது அவளுக்குத் தெரியும். பெயர்களை எடுத்து ஒட்டி எண்ணிப் பார்த்தாள். மூன்று பேருக்குமான மரியாதை போக, கீழே மிச்சம் இருந்தது மூன்று நான்கு எழுத்துக்கான இடம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சின்ன விஷயம், இரண்டு நிமிட வேலை. விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெனிலாவுக்கு போன் போட்டு, "கண்டுபுடிச்சிட்டேன்டி. நாளைக்கு முடிஞ்சிரும்" என்றாள். பல நாள் கழித்து நன்றாக மூச்சு விட்டாள்.

மறுநாள் காலை பெரியதம்பியின் அறைக்குப் போய், கதவருகே நின்று விஷயத்தைச் சொன்னாள். போல்டர் பெயர்கள் நீளம். தலைவர், மேலாளர், கண்காணிப்பாளர் என்று மட்டும் வைத்தால் எல்லாம் சேவ் ஆகிவிடும்.

பெரியதம்பி கண்ணாடியைக் கழற்றினார். "அய்யா பேர்ல இருக்கற மாண்புமிகுவ எடுக்கச் சொல்றியா?"

"கம்ப்யூட்டருக்காக சார். லெட்டர்ல எல்லாம் அப்டியே இருக்கட்டும்."

"என் பேர்ல இருக்கற திருவையும் எடுத்துடலாம், இல்ல?"

அவள் எழுத்தை எண்ணி எழுதியிருந்த சீட்டை நீட்டினாள்.

"அத்தினி வருசமா ஏறுன ஃபைலு இப்ப ஏறலன்னா அதுல என்னா கோளாறுன்னு பாப்பியா, பெரியவங்க பேர்ல கை வைப்பியா? உங்க ஆளுங்களுக்கு நாலெழுத்து வந்துட்டா மொதல்ல மரியாததான் கசக்குது." அவர் குரலை உயர்த்தவே இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "போய் வேலையப் பாரு" என்றார்.

உங்க ஆளுங்க. அமல்ராணி நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தபோது காது இரண்டும் எரிந்தன. எத்தனையோ வருடம் அவருக்கு மெயில் அனுப்பிக் கொடுத்தவள், அவர் பேத்திக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவள். ஒரு எழுத்துக் கணக்கைச் சொன்னதற்கு அவள் காலனியை இழுத்து மேசைமேல் போட்டுவிட்டார். எழுந்து போய்விடலாம் என்று வந்தது. வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்தாள்.

மேலே இருக்கிற பெயர்களைக் குறைக்க முடியாது. கீழே இருக்கிற பெயரைக் குறைக்கலாம், அது அவளுடையதுதானே. 'அமல்ராணி நிரந்தர ஆணை தொடர்பாக' என்று இருந்த தாளின் பெயரை அழித்துவிட்டு 'ரா' என்று அடித்தாள். என்டரைத் தட்டினாள். சத்தமே இல்லாமல் சேவ் ஆனது.

பிரபாவதிக்கு போன் போட்டாள். "அக்கா, உள்ள ரான்னு ஒண்ணு இருக்கும். அதான் நம்ம ஆர்டரு. குப்பன்னு அழிச்சிடாதீங்க."

"பாத்துட்டேன், தொறக்குது. அய்யா மெட்ராஸ் போயிருக்காரு. நாளைக்கு சாயந்தரம் வருவாரு. வந்ததும் மொத வேலையா பிரிண்ட் எடுத்து வெச்சிடறேன். நீ நிம்மதியா இரு."

அமல்ராணி நிம்மதியாகத்தான் இருந்தாள். அன்று மாலை வெனிலா சான்றிதழ்களை எடுத்து வரிசையாக ஒரு கவரில் போட்டாள். பிறகு மறுபடி வெளியே எடுத்து வரிசை மாற்றிப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை அலுவலக வாசலில் பட்டாசு வெடித்தது. தலைவர் சென்னைக்குப் போனது எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. ஏதோ ஒரு நாட்டின் ஏதோ ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்து, கூடவே கல்விச் செம்மல் என்று விருதும் கொடுத்திருந்தது. பெரியதம்பி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அமல்ராணிக்கும் ஒன்று கொடுத்தார். நேற்று நடந்தது எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"ராணி, ஜல்தியா ஒரு வேல. லெட்டர்பேடு, வெப்சைட்டு, போல்டரு, எல்லாத்துலயும் அய்யா பேருக்கு முன்னாடி கல்விச் செம்மல் டாக்டர் சேத்துடு. சாயந்தரம் அய்யா வந்து பாக்கறப்ப ரெடியா இருக்கணும்."

கையில் லட்டோடு அவள் நின்றாள். "சார், போல்டர மட்டும் நாளைக்கு மாத்திடறேன். இப்ப மாத்துனா உள்ள இருக்கற ஃபைலெல்லாம் தொறக்காது."

"மறுபடியும் பேரப் பத்தியா?"

"என் ஆர்டரு உள்ள இருக்குது சார். அய்யா சைன் போட்டுட்டா போதும். அடுத்த நிமிசம் மாத்திடறேன். எம் பொண்ணு சீட்டு சார்."

"ஏம்மா, ஊரே அய்யாவ டாக்டர்னு சொல்லிக்கினு இருக்குது. அவரு ஆபீஸ்ல, அவரு போல்டர்ல அந்தப் பேரு இல்லன்னா நான் என்னா பதில் சொல்றது? நீ மாத்தலன்னா சொல்லு, திண்டிவனத்துல வேற ஆள வெச்சு மாத்திக்கறேன். ஆர்டரு எங்க போயிடப் போவுது?"

கிருஷ்ணவேணி தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்து லட்டைப் பிட்டுப் பிட்டுத் தின்றார்.

வேறு யாராவது செய்திருந்தால் அவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதிருக்கலாம். அமல்ராணி தன் கையாலேயே செய்தாள். இப்போதே ஒரு பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லலாம் என்று பிரபாவதிக்கு போன் போட்டாள், வரவேற்பு வேலையில் அவள் எடுக்கவில்லை. அந்தத் தாளைத் தன் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு சர்வருக்குப் போய் தலைவரின் போல்டரில் உயர்திருவுக்கு முன்னால் கர்சரை வைத்து, கல்விச் செம்மல் என்று அடித்தாள், டாக்டர் என்று அடித்தாள். பிறகு உள்ளே போய் 'ரா'வைத் திறந்து பார்த்தாள். பெயர் தெரிந்தது, தாள் திறக்கவில்லை. நகலை உள்ளே போடப் பார்த்தாள். ஓரெழுத்துக்கும் இடமில்லை. டீ செலவுகூடத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் நகலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, வெனிலாவையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனாள். கல்லூரி வாசலில் ரோட்டுக்குக் குறுக்கே ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் பெயர் நான்கு வரிக்குப் போயிருந்தது. தலைவரின் அறை முழுக்க மாலை வாசம், சால்வை, எலுமிச்சம்பழம். பெரியதம்பி காலையிலேயே வந்து தலைவரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பிரபாவதி எப்படியோ வழி பண்ணி அமல்ராணியை உள்ளே விட்டாள். அவள் வணக்கம் சொல்லி, விஷயத்தைச் சொல்லி, காகிதத்தை நீட்டினாள்.

தலைவர் காகிதத்தைத் தொடவில்லை. சிரித்த முகமாகவே, "நெட்வொர்க்ல வரட்டும்மா. உனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு நான் பண்ண முடியுமா? நாமதான காகிதம் வேணாம்னு சொன்னோம்" என்றார்.

"அதுல சேவ் ஆவலங்கய்யா. போல்டரு பேரு நீளமா இருக்குது, அதான்."

"எந்தப் பேரு?"

பெரியதம்பி அவளைப் பார்த்தார். மாலை போட வந்தவர்கள் பார்த்தார்கள். தலைவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கோபம் ஒன்றுமில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை சிரித்துவிட்டு மாற்றச் சொல்லியிருப்பாரோ என்னவோ. உங்கள் பேருதான் என்று சொல்ல அமல்ராணி வாயைத் திறந்தாள். நேற்று முன்தினம் கேட்ட 'உங்க ஆளுங்க' என்ற அந்த இரண்டு சொல், இத்தனை பேர் முன்னால், வாசலில் நிற்கும் வெனிலாவின் காதிலும் விழப் போகிறது என்று தோன்றியது.

"பொதுவா சொன்னேங்கய்யா" என்றாள்.

"பெரியதம்பி, என்னான்னு பாருங்க" என்றார் தலைவர். அடுத்த மாலை அவர் கழுத்தில் விழுந்தது.

சாயங்காலம் சேர்க்கை முடிந்தது. பஸ்ஸில் வெனிலா சான்றிதழ்க் கவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மயிலம் தாண்டி, விக்கிரவாண்டியும் தாண்டி, கடைசியில்தான் பேசினாள். "நீ சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள். அமல்ராணி கவரை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் யாருடைய ஃபைலும் திறக்காமல் அலுவலகமே நின்றுபோனபோது, பெரியதம்பி ஒரு நிமிடத்தில் தீர்வு சொன்னார். கண்காணிப்பாளர் போல்டரில் திருமதி கிருஷ்ணவேணி என்ற இரண்டு சொல்லை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தார்கள், கொஞ்சம் இடம் கிடைத்தது. கிருஷ்ணவேணி அன்று மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. ஆக, எடுக்கலாம்தான். யாருடையதை என்பதுதான் கேள்வியாக இருந்திருக்கிறது.

'ரா' திறந்தது. ஆனால் தலைவர் வெளிநாட்டுப் பயணம் போய்விட்டார். திரும்பி வந்தபோது இந்த வருடத்து நிரந்தரம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள் பெரியதம்பி அவளை அழைத்தார். மனம் இளகித்தான் இருந்தார். "உம் பொண்ணு சும்மாதான இருக்குது? திண்டிவனத்துல ஒரு ஆபரேட்டர் வேணும். கம்ப்யூட்டர் தெரியுமில்ல? ஒப்பந்தத்துல போட்டுக்கலாம். தற்காலிகம்தான், அப்பறம் பாப்போம்" என்றார்.

அமல்ராணி வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் வெனிலா, "ஒக்காந்துக்கினு என்னாம்மா பண்ணப் போறேன்? போறேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் குரலில் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. அமல்ராணியை அதுதான் அறுத்தது.

வெனிலாவின் ஒப்பந்தத் தாளை அமல்ராணியே அடித்தாள். மூன்று போல்டரையும் தாண்டி உள்ளே போய், தாளுக்குப் பெயராக வெனிலா என்று வைத்து சேவ் கொடுத்தாள். பழைய அறிவிப்பு வந்தது. இந்தத் தடவை அதை அவள் படிக்கவில்லை.

"எடம் பத்தல சார்" என்றாள்.

"பேரு எதுக்கு? கீழ இருக்கறவங்களுக்கு நம்பர் போட்டுக்க. உனக்கு ஒண்ணு, அதுக்கு ரெண்டு" என்றார் பெரியதம்பி, கையில் இருந்த செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அமல்ராணி மகளின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 2 என்று அடித்து என்டரைத் தட்டினாள். ஒரு தகராறும் இல்லாமல் சேவ் ஆனது.